மைசூர் விலங்குக் காட்சிசாலையின் கொரில்லாக்களையும் ஒராங்குட்டான்களையும் பார்த்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்

பவானிக்கூடல் (கேள்வி)

வணக்கம். மே மாத விடுமுறையில் ஈரோட்டிலிருந்து குடும்பத்துடன் மைசூர் செல்ல இருக்கிறோம். அரண்மனையும் சாமுண்டி மலையும் பிள்ளைகள் முன்பே பார்த்தவை என்பதால், இம்முறை விலங்குக் காட்சிசாலைக்கே ஒரு நாளை முழுமையாக ஒதுக்க நினைக்கிறேன். பெருந்தொற்றுக்கு முன்பு நாங்கள் போனபோது அங்கே கொரில்லாவும் இல்லை, ஒராங்குட்டானும் இல்லை. போலோ என்ற முதிய ஆண் கொரில்லா 2014இல் இறந்த பிறகு நாட்டில் வேறெங்கும் கொரில்லா இல்லாமல் இருந்தது. ஒடிசாவின் நந்தன்கானனில் இருந்த பின்னி என்ற ஒராங்குட்டான் 2019இல் இறந்ததும் அந்த இனமும் இந்தியக் காட்சிசாலைகளில் இல்லாமல் போயிற்று. 2021 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்களும், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நான்கு ஒராங்குட்டான்களும் மைசூருக்கு வந்து சேர்ந்தன என்று படித்ததிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்து வருகிறது.

நேரில் பார்த்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது, அந்த விலங்குகளைப் பார்த்தபோது உங்களுக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் என்ன தோன்றியது என்பதைத்தான். எவ்வளவு நெருக்கத்தில் பார்க்க முடிகிறது, எந்த நேரத்தில் அவை வெளியே இருக்கின்றன, கூட்டத்தின் நடுவே நின்று நிதானமாகப் பார்க்க இடம் கிடைக்கிறதா என்பனவற்றையும் சொன்னால் உதவியாக இருக்கும். என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. எங்களுடன் வரும் என் மாமியாருக்கு நெடுநேரம் நடக்க முடியாது.

மகள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஒரு பெண் கொரில்லாவைக்கூட அனுப்பாமல் இரண்டு ஆண்களை மட்டும் ஏன் அனுப்பினார்கள்?" என்று கேட்டாள். இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு விலங்கைக் கொண்டுவருவது சரிதானா என்ற ஐயம் எனக்கும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காரஞ்சிக்கரை

சகோதரிக்கு வணக்கம். நான் மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு என்பதால், வருபவர்களின் முகத்தில் தோன்றும் மாற்றங்களை ஓரளவு கவனித்திருக்கிறேன்.

கொரில்லாவைப் பார்க்க வரும் பெரும்பாலோர் திரைப்படங்களில் பார்த்த ஒரு மூர்க்கமான விலங்கை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே அவர்கள் காண்பதோ, புல்தரையில் அமர்ந்து ஒரு தண்டின் தோலை உரித்து, உள்சதையை மட்டும் தின்று, நாரை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த தண்டை எடுக்கும் ஒரு பெரிய, அமைதியான உயிர். இதைக் கண்டு ஏமாற்றமடைந்து, இரண்டு நிமிடங்களில் புலியைத் தேடிப் போய்விடுபவர்கள் பாதிப்பேர். மீதிப்பேர் அந்தக் கைகளைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். நகம், விரல் மடிப்பு, கட்டைவிரல் என எல்லாமே நம்முடையவற்றைப் போலவே இருப்பதைக் கண்டதும் அவர்களின் பேச்சு நின்றுவிடும். என் பெரியப்பா மகன், எதற்கும் எளிதில் அசையாதவன், அந்த இடத்தை விட்டு நகர மறுத்து அரைமணி நேரம் நின்றான். திரும்பி வரும் வழியில் அவன் பேசியதெல்லாம் அந்தக் கண்களைப் பற்றித்தான்.

ஒராங்குட்டான்கள் தரும் அனுபவம் வேறுவகையானது. கொரில்லா தரையில் வாழும் விலங்கு; ஒராங்குட்டானோ மரத்தை விட்டு இறங்க விரும்பாதது. அது ஏறும்போது வேகம் கிடையாது. ஒரு கையால் பிடியை உறுதிசெய்த பிறகே அடுத்த கையை விடும். கால்களையும் கைகளாகவே பயன்படுத்தும். சிறு பிள்ளைகளுக்குக் கொரில்லாவைவிட இவைதான் பிடித்துப்போகின்றன. உங்கள் மகனும் அங்கேதான் அதிக நேரம் நிற்பான் என்று நினைக்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் வாயில் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. வெயில் ஏறியதும் விலங்குகள் நிழலைத் தேடிப் படுத்துவிடும். மனிதர் கூட்டமும் அப்போதுதான் பெருகும். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. தசராக் காலத்திலும் மே மாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் நிற்க இடம் கிடைப்பதே அரிது. புதன் அல்லது வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மாமியாருக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது, மர நிழலும் தாராளம். 1892இல் சாமராஜேந்திர உடையார் காலத்தில் அரண்மனை விலங்குக் காட்சிசாலையாக அமைக்கப்பட்ட இடம் என்பதால், மரங்கள் பல தலைமுறை வயதுடையவை. நெகிழிப் பைகளையும் பொட்டலங்களையும் உள்ளே கொண்டுபோக முடியாது. சிற்றுண்டியைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் பார்த்திராத இன்னொரு வரவு, 2020 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சிவிங்கிப்புலிகள். ஓர் ஆணும் இரண்டு பெண்களுமாக மூன்று வந்தன. மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் 2022 செப்டம்பரில் விடப்பட்ட நமீபியச் சிவிங்கிப்புலிகளையும் இவற்றையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். இவை அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, காட்சிசாலைக்காகவே வந்தவை. அதற்கும் முன்பு, 2011இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து நான்கு சிவிங்கிப்புலிகள் இங்கே வந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விலங்கு வருவது மைசூருக்குப் புதிதல்ல. இங்குள்ள அனகோண்டாக்களும் இலங்கையின் தெகிவளைக் காட்சிசாலையிலிருந்து வந்தவைதான்.

மகளின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அதை அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை சொன்னால், விலங்குகள் ஏன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகின்றன என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொரில்லாக் குடும்பத்தில் முதிர்ந்த ஆண் ஒன்றும், பல பெண்களும், அவற்றின் குட்டிகளும் இருக்கும். அந்த ஆணின் முதுகு பன்னிரண்டு வயதுக்கு மேல் வெள்ளி நிறமாக மாறத் தொடங்கும். பிறக்கும் குட்டிகளிலோ ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண் போதும் என்னும்போது, எஞ்சிய ஆண்கள் எங்கே போவது? காட்டில் அவை வளர்ந்ததும் குடும்பத்தை விட்டு வெளியேறித் தனியாகத் திரியும். பின்னர் தனக்கென ஒரு குடும்பத்தை அமைக்க முயலும். காட்சிசாலையில் வெளியேற வழியில்லை. வளர்ந்த மகனைத் தந்தையோடு ஒரே இடத்தில் வைத்திருந்தால் சண்டை மூளும், அந்தச் சண்டையில் உயிர்கூடப் போகலாம். எனவே ஐரோப்பியக் காட்சிசாலைகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் இனப்பெருக்கத் திட்டத்தில், இளம் ஆண்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தனிக் குழுக்களாக வாழவைக்கும் வழக்கம் உண்டு. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் காட்சிசாலையிலிருந்து மைசூருக்கு வந்தபோது தாபோவுக்கு வயது 14, டெம்பாவுக்கு 8. சிறு வயதிலிருந்து ஒன்றையொன்று அறிந்த ஆண்கள் பெண் துணை இல்லாத இடத்தில் பெரும்பாலும் அமைதியாக வாழும். நடுவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டால்தான் அந்த அமைதி குலையும். உங்கள் மகளுக்கு இதை இவ்வாறே சொல்லலாம்.

ஒராங்குட்டான்களின் நிலை வேறு. அவை இணைகளாக வந்திருக்கின்றன. ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டி ஈன்ற பிறகு அடுத்ததை ஈன ஆறு முதல் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். பாலூட்டும் விலங்குகளில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எதற்கும் இல்லை என்றே சொல்லலாம். காடு அழிந்து எண்ணிக்கை குறைந்துவிட்டால் அது மீள்வதற்குத் தலைமுறைகள் ஆகும் என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு விலங்கு வந்து இறங்குவதற்கு முன்னும் பின்னும் நடப்பவை பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. நம் நாட்டில் எந்தக் காட்சிசாலையும் மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் ஒரு காட்டு விலங்கைப் பெறவோ கொடுக்கவோ கூடாது. அழிவில் இருக்கும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் கொரில்லா, ஒராங்குட்டான், சிவிங்கிப்புலி மூன்றும் இருப்பதால், அனுப்பும் நாடும் பெறும் நாடும் தனித்தனியே அனுமதி வழங்க வேண்டும். பயணத்துக்கு முன்பே விலங்குக்குப் பெட்டியைப் பழக்குவார்கள். பெட்டிக்குள் உணவு வைத்து, கதவைத் திறந்தே விட்டு, தானாக உள்ளே போய் வரும்படி செய்வார்கள். மயக்க ஊசி போட்டு ஏற்றுவதைவிட இதுவே பாதுகாப்பானது. வந்த பிறகு குறைந்தது முப்பது நாள்கள் மற்ற விலங்குகளிடமிருந்து விலக்கித் தனிமையில் வைத்து, சாணத்தையும் இரத்தத்தையும் சோதிப்பார்கள். அந்த நாள்களில் "புதிய விலங்கு வந்ததாகச் செய்தி வந்ததே, ஏன் காட்டவில்லை?" என்று வாயிலில் கோபித்துக்கொள்ளும் மக்களை நான் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு அந்த விலங்கின் உயிருக்காக மட்டும் விதிக்கப்படவில்லை. முன்பே அங்கு வாழும் நூற்றுக்கணக்கான விலங்குகளுக்காகவும்தான்.

மனிதக் குரங்குகளுக்கு நம் நோய்கள் எளிதில் தொற்றும். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ பூங்காவில் கொரில்லாக்களுக்குக் கொரோனா தொற்றியது. அதே ஆண்டு ஜூனில் நம் வண்டலூரில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாபன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். உணவுப் பொருள் எதையும் உள்ளே எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் பராமரிப்பில் வாழும் ஆண் கொரில்லாக்களின் இறப்புக்கு இதய நோய் ஒரு முக்கியக் காரணம். இலையும் தண்டும் தின்னப் படைக்கப்பட்ட உடலுக்கு ரொட்டியும் இனிப்பும் நஞ்சாகும்.

தட்பவெப்பத்தைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. இவை மேற்குத் தாழ்நிலக் கொரில்லா இனம். இவற்றின் மூதாதையர் காபோன், கேமரூன், காங்கோ பகுதியின் வெப்பமழைக் காட்டுக்குரியவர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரின் மிதமான வானிலை ஜெர்மனியின் பனிக்காலத்தைவிட அவற்றுக்கு இணக்கமானது. இங்கே ஆண்டின் பெரும்பாலான நாள்களைத் திறந்தவெளியில் கழிக்கலாம்.

சோலைமந்தி

மருத்துவர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் சகோதரியின் கடைசிக் கேள்விக்கு, அதாவது கொண்டுவருவது சரிதானா என்பதற்கு, அதில் முழுப் பதில் இல்லை என்பது என் எண்ணம்.

போலோவின் வரலாற்றை மறந்துவிடக் கூடாது. 1995இல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வந்த அந்த விலங்கு, கூட்டமாக வாழப் பிறந்தது, பல ஆண்டுகளைத் துணையின்றிக் கழித்து 2014இல் இறந்தது. நாட்டிலேயே ஒரே கொரில்லா என்று அதைப் பெருமையாகக் காட்டினோம். அந்த 'ஒரே' என்பதுதான் அதன் துன்பம் என்று பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? இப்போது இரண்டாக வந்திருப்பது முன்னேற்றம்தான், அதை மறுக்கவில்லை. இரண்டில் ஒன்று முன்னே இறந்தால் மற்றதன் கதி என்ன என்பதற்கு இன்றே திட்டம் இருக்க வேண்டும்.

என் வருத்தம் இன்னொன்றும் உண்டு. அதே காட்சிசாலையில் சோலைமந்தி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, ஆனைமலையிலும் களக்காட்டிலும் நம் வீட்டுக் கொல்லைக்கு வெளியே வாழும் விலங்கு அது. காட்டெருதும் இருக்கிறது. கொரில்லாவைத் தேடிப் போகும் கூட்டம் இவற்றின் முன்னால் நிற்பதே இல்லை. "குரங்குதானே" என்று சொல்லிக்கொண்டே சோலைமந்தியைக் கடந்துபோகும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. வெளிநாட்டு விலங்கு வரும்போது செய்தி வருகிறது, நன்கொடை வருகிறது. மைசூரில் கொரில்லாவுக்கான இருப்பிடமே இன்போசிஸ் அறக்கட்டளையின் நிதியில் அமைந்ததுதான். ஊருக்குள் நுழைந்து பிடிபட்ட சிறுத்தைகளையும் புலிகளையும் பராமரிக்கும் மறுவாழ்வு மையம் மைசூருக்கு வெளியே கூர்கள்ளியில் இருக்கிறது. அது பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. விலங்குகளின் நலனுக்காக அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பார்க்க முடியாத விலங்குகளுக்கும் நிதி திரள வேண்டும் என்பதே என் கோரிக்கை. அயல்நாட்டு வரவு ஒன்றுக்கு ஒரு நிறுவனம் கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கு நம் காட்டு விலங்குகளுக்கென விதியாகவே ஒதுக்கப்பட வேண்டும்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனால், சோலைமந்தியின் முன்னும் பிள்ளைகளை நிறுத்துங்கள்.

பவானிக்கூடல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஆண்களை அனுப்பிய காரணத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன்மார் மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, சமாதானமடைந்துவிட்டாள். சோலைமந்தியின் முன் கட்டாயம் நிற்போம். நீங்கள் சொல்லும்வரை அது நம் மலைக்கு மட்டுமே உரியது என்ற விவரம் என் மனத்தில் பதிந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் மகன் எதன் முன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டான். கையைத் தட்டுவான், கூப்பிடுவான், உடனே அடுத்ததற்கு ஓடுவான். பிள்ளைகளைக் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள். மருத்துவர் ஐயா, கொரில்லா நெஞ்சில் அறைந்துகொண்டால் அது கோபமாக இருக்கிறது என்று பொருளா? அவன் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கரும்பலகை

நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களை விலங்குக் காட்சிசாலைகளுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எங்கள் பள்ளியில் பெரும்பாலும் எனக்கே வந்து சேரும்.

எல்லா விலங்குகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் முதல் வேலை. மூன்று விலங்குகளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னும் அமர இடம் தேடி, விடை காண வேண்டிய ஒரு கேள்வியோடு உட்காருங்கள். ஏழு வயதுப் பையனுக்கு, "ஒராங்குட்டான் எந்தக் கையை முதலில் நீட்டுகிறது?", "அது கீழே இறங்காமல் எவ்வளவு தூரம் போகிறது?" என்பன போன்ற கேள்விகள் போதும். பெரியவளுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்து, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை கொரில்லா என்ன செய்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கிறது, தின்கிறது, மற்றதைப் பார்க்கிறது, தின்கிறது என்று அந்தப் பட்டியல் வளரும்போது, விலங்கு நம்மை மகிழ்விக்க அங்கே இல்லை, அதற்கென்று ஒரு நாள்பொழுது இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிடும். காட்டில் விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்கள் பயன்படுத்துவதும் ஏறத்தாழ இதே முறைதான்.

கை தட்டுவதையும் கூப்பிடுவதையும் போகும் முன்பே பேசி நிறுத்திவிடுங்கள். அங்கே போய்த் திட்டினால் பயன் இல்லை. ஒரு விலங்கின் முன் ஒரு பிள்ளை கத்தத் தொடங்கினால், சுற்றி நிற்கும் பெரியவர்களும் கத்துவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். உறங்கும் சிங்கத்தை எழுப்பப் பெரியவர்களே கூவுகிறார்கள். பிள்ளைகளுக்கு முன்மாதிரி அவர்கள்தான் என்பதால், இதில் நான் பிள்ளைகளைக் குறை சொல்வதில்லை.

கொரில்லாவின் கண்களை நேராக உற்றுப் பார்க்கவும் வேண்டாம். காரஞ்சிக்கரை ஐயாவின் உறவினரைக் கவர்ந்த அந்தக் கண்களைப் பக்கவாட்டில், அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பதை ஆண் கொரில்லா அறைகூவலாக எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் காட்சிசாலையில் 2007 மே மாதம் பொகீட்டோ என்ற ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது. அவர் அடிக்கடி அதைப் பார்க்க வந்து, அதன் கண்களைப் பார்த்துப் புன்னகைத்து வந்தவர்; அந்தப் புன்னகையை அவர் நட்பாக எண்ணியிருந்தார். பல்லைக் காட்டிப் புன்னகைப்பதும் உற்று நோக்குவதும் மனிதருக்கு அன்பின் அடையாளங்கள். அதையே கொரில்லாவிடம் எதிர்பார்த்தது எவ்வளவு ஆபத்தாக முடிந்தது என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் அந்தப் பக்கம் அழைத்துப் போவதில்லை. சின்னவனைப் பயமுறுத்தாத அளவில் நீங்களும் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஆசிரியை அம்மா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

நெஞ்சில் அறைவது எப்போதும் கோபம் அல்ல. கையைக் குழித்து, இரு கைகளாலும் மாறி மாறி அடித்து எழுப்பும் அந்த ஒலி காட்டில் வெகுதூரம் கேட்கும். மலைக் கொரில்லாக்களை ஆராய்ந்தவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் பெரிதான ஆணின் மார்பொலி தாழ்ந்த சுருதியில் இருக்கும். கேட்கும் மற்ற ஆண்கள் அதை வைத்தே எதிரியின் உடலளவை அறிந்துகொள்ள முடியும். அவ்வாறு தன் வலிமையைத் தொலைவிலிருந்தே தெரிவித்துச் சண்டையைத் தவிர்க்க அது உதவுகிறது. குட்டிகள் விளையாட்டாகவும் அறைந்துகொள்ளும். அன்று அந்த ஒலி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோலைமந்தி நண்பர் எழுப்பிய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு ஆண் கொரில்லாக்களால் மைசூரில் இனம் பெருகப் போவதில்லை. அதனால் அவற்றின் வருகையை அழிவிலிருந்து இனத்தைக் காக்கும் பணி என்று நேரடியாகச் சொல்வதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அவை காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல. காட்சிசாலையிலிருந்து வந்த இளம் ஆண்கள். எங்கேயாவது அவற்றுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த இடத்தை மைசூர் கொடுத்தது. அதனால் ஐரோப்பாவில் இனப்பெருக்கம் செய்யும் குடும்பம் ஒன்றுக்கு இடம் மிஞ்சுகிறது. இது சிறிய பங்கு, ஆனால் உண்மையான பங்கு. இரண்டில் ஒன்று இறந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மிக முக்கியமானது. இத்தகைய திட்டங்களில் எஞ்சிய ஆணை மற்றொரு ஆண் குழுவுடன் சேர்ப்பதோ, வேறொரு ஆணைக் கொண்டுவருவதோ உண்டு. எதுவானாலும் அதைப் பல மாதங்கள் கம்பித் தடுப்புக்கு இருபுறமும் வைத்துப் பழக்கியே செய்ய முடியும். நிதியில் ஒரு பங்கை உள்நாட்டு விலங்குகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை நானும் ஆதரிக்கிறேன். அதுவரை தனி மனிதர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மைசூரிலும் வண்டலூரிலும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. தத்தெடுப்பவர்கள் கொரில்லாவையும் புலியையும் மட்டும் தேடாமல் சோலைமந்தியின் பெயரையும் எழுதிக் கொடுக்கலாம். தொகையும் அதற்கு மிகக் குறைவே.

காரஞ்சிக்கரை

சகோதரி, பயணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல விட்டுப்போனது. சத்தியமங்கலம், திம்பம் வழியாக வருவதானால் அந்தக் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே முந்தைய நாள் பகலிலேயே மலை ஏறி, மாலைக்குள் மைசூர் வந்து தங்கிவிடுங்கள். அப்போதுதான் மறுநாள் காலை வாயில் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்க முடியும். நுழைவுச் சீட்டு எடுக்கும்போது காட்சிசாலையையும் காரஞ்சி ஏரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் களைத்துவிட்டால் பிற்பகலில் ஏரிக்கரையில் உள்ள பெரிய பறவைக் கூடத்துக்குள் உங்கள் மாமியாருடன் மெதுவாக நடந்து செல்லுங்கள். வலைக்குள்ளே பறவைகள் நம்மைச் சுற்றித் திரியும். அங்கே நடக்க வேண்டிய தூரமும் குறைவு.